விளங்கிச்சா, சொல்லுங்க பாப்போம்

அந்த அக்காவோடு சேர்ந்து கடையில் பசியாறுவதை நான் சீக்கிரமே நிறுத்திக்கொண்டேன். காரணம் சாப்பாடு அல்ல, ஆர்டர் எடுக்க வரும் ஆளை அவர் படுத்தும் பாடு.

"தே ஓ ஒன்னு, பால் இல்லாம, சீனி கொறச்சலா. தோசை ஒன்னு, சாம்பார் தனியா, சட்னி வேணாம்," என்பார் அக்கா. கடையில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்புவார்.

"நில்லுங்க தம்பி. நான் என்னா கேட்டேன், சொல்லுங்க பாப்போம்."

அவர் அரைகுறைத் தமிழில் தே ஓ, தோசை என்பார். "சாம்பார்?" என்பார் அக்கா. "சாம்பார் போட்டு," என்பார் அவர். அக்கா முதலிலிருந்து ஆரம்பிப்பார். பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். நான் கைப்பேசியில் எதையோ தேடுவதுபோல் முகத்தைத் தாழ்த்திக்கொள்வேன்.

கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முட்டிவலிக்கு ஒருமுறை அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மருந்து எழுதத் தொடங்கியபோது, "டாக்டர், நான் எந்த முட்டின்னு சொன்னேன்?" என்று கேட்டார். டாக்டர் சரியாகத்தான் சொன்னார். அப்படியும் திருப்தி இல்லை. "எப்ப வலிக்குதுன்னு சொன்னேன்?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

எப்படி வந்தது இந்தப் பழக்கம் என்று அவர் கணவரிடம் கேட்டேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். "எனக்குத் தெரிஞ்சு கல்யாணத்தன்னிக்கே இருந்திச்சும்மா. மந்திரம் சொன்ன ஐயர அர்த்தம் என்னான்னு திருப்பிச் சொல்லச் சொன்னா. முகூர்த்தமே தள்ளிப்போச்சு," என்றார். அவர் சிரிக்கவில்லை. நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

போர்டிக்சன் போகும் வழியில் உள்ளே பிரியும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அக்காவின் வீடு. தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் மஞ்சள் வேன் அவருடையது. ஊரே அவரை வேன் அக்கா என்றுதான் கூப்பிடும். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே மம்பாவிலிருக்கும் என் வீட்டுக்கு வந்து, "என்னப் பத்தி என்னா எழுதியிருக்க, சொல்லு பாப்போம்" என்று உட்கார்ந்துவிடுவார்.

வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேள்வி நடக்கும். "மத்தியானம் எங்க நிப்ப?" "கேட்டுக்கு உள்ளாற." "வேற யாராச்சும் கூப்பிட்டா?" "போக மாட்டேன்." ஆறாம் வகுப்புப் பிள்ளை, மீசை அரும்புகிறவன்கூட, இதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார முடியும்.

நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் சிறிய முகவர் குழுவுக்குத் தலைவி. அம்பாங்கானில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அந்த அக்காவை முகவராக்க நினைத்ததற்குப் பின்னால் பெரிய யோசனை எதுவும் கிடையாது. தோட்டத்தில் அவருக்குத் தெரியாத வீடில்லை, யாருக்கு எப்போது பிள்ளை பிறந்தது, யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தது என்று எல்லாம் தெரியும், காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டால் மத்தியானம்வரை சும்மாதான் இருக்கிறார். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா என்று நினைத்தேன். நினைத்ததுதான்.

முகவராக வேண்டுமென்றால் முதலில் உரிமத் தேர்வு எழுதித் தேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகத்தில் நானே வகுப்பு எடுப்பேன். ஆறேழு பேர் வருவார்கள். புத்தகத்தில் கணக்கு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, காப்புறுதி வகைகள் இருக்கின்றன. கடைசியில் விற்பனை நெறிமுறை. பொய் வாக்குறுதி கொடுக்காதே. கமிஷனுக்காக ஒருவருடைய பழைய பாலிசியை நிறுத்தவைத்துப் புதியதை விற்காதே. நோயை மறைக்கச் சொல்லாதே. வாடிக்கையாளர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "இது சும்மா கிடைக்கிற மார்க்கு. மனசாட்சிய வச்சிப் பதில் சொன்னாலே போதும்," என்பேன் எல்லோரிடமும். அரை மணி நேரத்தில் முடிக்கிற பாடம்.

அக்கா வந்த பிறகு அந்தப் பாடம் முடிவதே இல்லை.

பயிற்சிக் கேள்விகள் மலாயில் இருக்கும். நான் தமிழில் சொல்வேன். "முகவர் 'அ', வாடிக்கையாளர் 'ஆ'வைப் பார்க்கப் போறாரு. 'ஆ' அவசரத்துல இருக்காரு. படிக்காமலே கையெழுத்துப் போடத் தயார். 'அ' என்னா செய்யணும்?"

"இந்த ஆ ஏன் அவசரமா இருக்காரு?" என்றார் அக்கா.

"தெரியாதுக்கா. கேள்வியில இல்ல."

"வீட்டுல யாருக்கும் ஒடம்பு முடியலையா?"

"அக்கா, ஆ ஒரு எழுத்து."

"எழுத்துக்கா இன்சூரன்ஸ் விக்கிறாரு?"

வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஆ என்பவருக்குப் பிள்ளைகள் உண்டா, எங்கே வேலை செய்கிறார், அவர் வாசிக்கிற மொழியில் விண்ணப்பப் பாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் எனக்கே ஆ மேல் கோபம் வந்தது. மற்ற மாணவர்கள் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். ஒரு பெண் திரும்பி வரவே இல்லை.

முதல்முறை தேர்வில் அக்கா தவறினார். கணினியில் எழுதும் தேர்வு, நேரம் முடிந்தால் திரை மூடிக்கொள்ளும். பாதிக் கேள்விகளுக்கு மேல் தொடவே இல்லை.

"என்னக்கா ஆச்சு? எல்லாம் தெரியும்ல உங்களுக்கு?"

"ஒரு பொம்பள வந்தாம்மா."

"எங்க?"

"கேள்வியில. புருஷனுக்குத் தெரியாம பாலிசி எடுக்க வர்றா. பயந்து போயிருக்கா. நாலு பதில் குடுத்திருக்கான், நாலும் சரியில்ல. மொதல்ல அவளுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கணும், அது அதுல இல்ல. மனசு கேக்கல. அவகூடவே ஒக்காந்துட்டேன்."

நான் என்ன சொல்ல? தலையில் கை வைத்துக்கொண்டேன். அடுத்த தேர்வுக்கு முன் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "அந்தப் பொம்பளைக்கு நீங்க தண்ணி குடுத்திட்டீங்க, அவ குடிச்சிட்டா, போயிட்டா. அடுத்த கேள்விக்குப் போங்க." அந்தத் தடவை தேறினார். நெறிமுறைப் பகுதியில் ஏறக்குறைய எல்லாம் சரி. மற்றதில் தட்டுத்தடுமாறிக் கரையேறியிருந்தார்.

உரிமம் வந்ததும் என் தொல்லை விட்டது என்று நினைத்தேன். உண்மையில் அப்போதுதான் ஆரம்பித்தது.

புதிய முகவர்களோடு முதல் சில மாதங்கள் நானும் கூடப் போவது வழக்கம். மம்பாவில் ஒரு மளிகைக்கடைக்காரர், பழகியவர், ஆஸ்பத்திரிச் செலவுக்கான மெடிக்கல் கார்டு எடுக்கத் தயாராக இருந்தார். வெங்காயம் நிறுத்துக்கொண்டே, "எங்க சைன் வைக்கணும், காட்டுங்க," என்றார். இப்படிப்பட்ட ஆளைத் தேடித்தான் நாங்கள் நாயாக அலைகிறோம். அக்கா பாரத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். "நீங்க யாவாரத்த முடிச்சிட்டு வாங்க. நான் ஒக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தோம். கடை மூடும்வரை. மூடியபின் அக்கா விளக்கினார். எந்தெந்த நோய்க்குப் பணம் கேட்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், இப்போது இருக்கும் ரத்த அழுத்தத்தைச் சொல்லாமல் விட்டால் பின்னால் என்ன ஆகும், எல்லாம். பிறகு அந்தக் கேள்வி. "விளங்கிச்சா? நான் என்னா சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிற்கவைத்த பிள்ளைபோல் இருந்தது அவர் முகம். தப்புத் தப்பாகச் சொன்னார். அக்கா மறுபடியும் விளக்கினார். கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேளையில் நான் மூன்று வீடு பார்த்திருப்பேன்.

மற்ற முகவர்கள் மாதாமாதம் படியேறினார்கள். அக்கா முதல் படியில் உட்கார்ந்து அதன் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். மேலிடத்துக் கூட்டங்களில் அவரைப் பற்றி என்னைக் கேட்பார்கள். நான் "அவங்க நிதானமா செய்றவங்க" என்பேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்து தனியாகக் கத்துவேன்.

குணாவின் வீட்டுக்குப் போனது அந்த வருஷத்து மழைக்காலத்தில். குணா அதே தோட்டத்தில் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். முப்பது வயது இருக்கும். ரெண்டு பிள்ளைகள், ரெண்டும் அக்கா வேனில்தான் பள்ளிக்குப் போகின்றன. மனைவி மாலதிக்குத் தொழிற்சாலையில் மாலை வேலை, அன்று வீட்டில் இல்லை. குணாவே தேநீர் போட்டுக் கொடுத்தார். நல்ல கலகலப்பான ஆள்.

"அக்கா, நீங்க சொன்னா சரிதான்லா. எங்க வேலைய மேப்பாக்குற மண்டோர் மவன்கூட எடுத்திருக்கான். குடுங்க, சைன் வைக்கிறேன்."

"என்ன நம்பி வைக்காதீங்க தம்பி. நான் நாளைக்கு வேற வேலைக்குப் போயிருவேன்." அக்கா விளக்கினார். அது ஆயுள் காப்புறுதியும் சேமிப்பும் சேர்ந்த திட்டம். முடித்துவிட்டு, "சொல்லுங்க பாப்போம்," என்றார்.

"நான் செத்தா மாலதிக்குக் காசு. சாகலன்னா, எப்ப வேணுமோ அப்ப போட்டதெல்லாம் எனக்குத் திரும்ப வந்துரும். சரியா?"

"செத்தா வரும், அது சரி. நடுவுல நிறுத்துனா போட்டதெல்லாம் வராது. கொஞ்சந்தான் வரும். முதல் வருஷத்துல ஒன்னுமே வராது."

"ஆங், அதான். போட்டது வரும், கொஞ்சம் கொறச்சலா."

அக்கா மறுபடியும் சொன்னார். குணா மறுபடியும் தப்பாகச் சொன்னார், சிரித்துக்கொண்டே. மேசைக்கு அடியில் நான் அக்காவின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"தம்பி, உங்களுக்கு இன்னும் வெளங்கல. அடுத்த வருஷம் ஒரு அவசரம்னு நிறுத்திட்டு வந்து நிப்பீங்க, அப்ப ஒன்னுமில்லன்னு சொன்னா உங்களுக்கு வயிறு எரியும். மாலதியும் கேக்கணும். ஞாயித்துக்கெழம அவங்களுக்கு லீவுதானே? அன்னிக்கு வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒக்காருங்க."

"சரிக்கா. ஆனா மாலதிகிட்ட நீங்க முன்னாடியே சொல்லிறாதீங்க. அவளுக்குத் தெரியாம இருக்கட்டும், ஞாயித்துக்கெழம திடீர்னு சொல்றேன்."

காரில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். "பேனா அவர் கையில இருந்திச்சுக்கா. பேனா கையில இருந்திச்சு! கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்கூட மனசு மாறுனா நிறுத்திக்கிறதுக்குச் சட்டத்துல நாள் குடுத்திருக்காங்க. நீங்கதானே அந்தப் பாடத்த அத்தன வாட்டி படிச்சீங்க?"

"வெளங்காதவருக்கு மனசு எப்படிம்மா மாறும்?" என்றார் அக்கா.

ஞாயிறு வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு காலை, விடாத மழைக்குப் பிறகு, சரிவில் திரும்பும்போது செம்மண் ரோடு ஓரம் இடிந்து குணாவின் லோரி பழச்சுமையோடு கவிழ்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். அக்காதான் எனக்குப் போன் செய்தார். "குணா போயிட்டாரும்மா," என்றார். வழக்கம்போல் ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

அன்று கையெழுத்துப் போட்டு முதல் கட்டணத்தையும் கட்டியிருந்தால் அந்தத் திட்டத்திலுள்ள விபத்துப் பாதுகாப்பு மறுநாளே தொடங்கியிருக்கும். இது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். வேலையில் இறந்தவர் என்பதால் சட்டப்படி மாதாமாதம் ஒரு சிறு தொகை மாலதிக்கு வரும். அவ்வளவுதான். சாவு வீட்டில் அக்காவை ஓர் ஓரமாக இழுத்து, "இத யார்கிட்டயும் பேசாதீங்க. மாலதிக்கு ஒன்னும் தெரியாது. தெரிஞ்சு ஒன்னும் ஆகப்போறதில்ல," என்றேன். அக்கா தலையாட்டினார். நான் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது, மாலதி வாசலில் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தானே கழுவினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அவளிடம் போய் நின்றார்.

"மாலதி, ஒன்னு சொல்லணும். குணா இன்சூரன்ஸ் எடுக்க இருந்தாரு. அன்னிக்கே சைன் வைக்கிறேன்னாரு. நான்தான் ஞாயித்துக்கெழம வைக்கலாம்னு சொல்லிட்டேன். அன்னிக்கு வச்சிருந்தா உங்களுக்குப் பணம் வந்திருக்கும்."

மாலதி அண்டாவை விட்டாள். தண்ணீர் காலடியில் ஓடியது.

"ஏன் இத என்கிட்ட சொல்றீங்க?"

"உங்களுக்குத் தெரியணும்ல."

"தெரிஞ்சி நான் என்னா பண்ண?"

அக்கா அண்டாவைப் பிடிக்கக் குனிந்தார். "போங்க," என்றாள் மாலதி. சத்தம்கூடப் போடவில்லை. அண்டாவைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது என்னால் வாயை அடக்க முடியவில்லை. "யாருக்காக சொன்னீங்க? அவளுக்காகவா? உங்க பாரத்த அவ தலையில எறக்கி வச்சிட்டு வந்திருக்கீங்க. இனிமே அவ ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஞாயித்துக்கெழமய நெனச்சிக்கிட்டே கெடப்பா." அக்கா வெளியே செம்பனை வரிசைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். "நாளைக்கு மண்டோர் வீட்டுல இருந்து யாராச்சும் சொல்லுவாங்கம்மா. குணா அவங்ககிட்ட சொல்லியிருப்பாரு. அவங்க சொல்றதுக்குள்ள நான் சொல்லணும்," என்றார். இருக்கலாம். அது எனக்கு அன்று போதவில்லை. இன்றும் முழுதாகப் போதவில்லை.

செய்தி தோட்டம் முழுக்கப் பரவியது. அவர் எதிர்பார்த்த மாதிரியே, அவரைக் குற்றம் சொல்லித்தான். கோயிலில் சிலர் பேசுவதை நிறுத்தினார்கள். "பாடம் நடத்தி நடத்தி ஒரு குடும்பத்த நடுரோட்டுல விட்டுட்டா," என்று ஒரு பெண் என் காதுபடவே சொன்னார். பிள்ளைகளைச் சிலர் மோட்டார் சைக்கிளில் தாங்களே கொண்டுபோய் விட்டார்கள். மாலதிக்கு அந்த வசதி இல்லை. வேலை முடிந்து வர நள்ளிரவாகிவிடும் என்றாலும் காலையில் எழுந்து பிள்ளைகளை வேனுக்குக் கூட்டிவருவாள். அந்தப் பக்கம் வேறு வேன் வராது. பிள்ளைகளை ஏற்றுவாள், பைகளை உள்ளே கொடுப்பாள், அக்கா முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடப்பாள். அக்கா அந்த இரண்டு பிள்ளைகளிடமும் வழக்கமான கேள்வியைக் கேட்பார். அவை பதில் சொல்லும். இது பல மாதங்கள் நடந்தது. ஒருநாள் காலை நானே பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஆள் மாறியிருப்பார் என்றுதானே நினைப்போம்? எனக்கும் அந்த நினைப்புதான். கொஞ்ச நாள் கழித்து ஒரு வெல்டர் வீட்டுக்குப் போனோம். நன்றாகக் கேட்டார். கையெழுத்துக்குத் தயார். அக்கா கேட்டார், அவர் ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொன்னார். அக்கா பாரத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "அடுத்த வாரம் வர்றேன்."

ரோட்டோரமாகக் காரை நிறுத்திவிட்டேன்.

"ஒரு ஆள் போயும் உங்களுக்குப் புத்தி வரலையாக்கா?"

சொல்லக்கூடாத வார்த்தை. ஆனால் சொல்லாமல் இருக்கக் கூடியவளாக நான் அப்போது இல்லை. அக்கா கோபப்படவில்லை. கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் குணாகிட்ட சைன் வாங்கியிருக்கணும்னு தெனமும் தோணுதும்மா. வேன் ஓட்டும்போது தோணுது, சோறு வடிக்கும்போது தோணுது. ஆனா இன்னிக்கு இந்த ஆள்கிட்ட வாங்கணும்னு மட்டும் தோண மாட்டேங்குது. அவருக்கு வெளங்கலன்னு எனக்குத் தெரியுதே. தெரிஞ்சிக்கிட்டு எப்படிப் பேனாவ நீட்டுறது? ரெண்டும் ஒன்னா இருக்கு உள்ளுக்குள்ள. நான் என்னா பண்ண, நீயே சொல்லு."

பத்து வருஷமாக நெறிமுறைப் பாடம் எடுக்கிறேன், அந்தக் கேள்விக்கான நாலு பதில்களில் எது சரி என்று எனக்கு இப்போதும் தெரியாது. காரை எடுத்தேன். வெல்டர் அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருக்கிறார்.

விற்பனை போதாது என்று நிறுவனம் அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பாதி மனசோடுதான் பேசினேன், மறுபாதிக்கு நிம்மதி. அக்கா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "எனக்குத்தான் வேன் இருக்குல்ல," என்றார்.

ஆனால் அதோடு விட்டாரா? தோட்டத்துக்காரர்கள் மெல்ல மெல்லத் தங்களுக்கு வந்த காப்புறுதித் தாள்களை எடுத்துக்கொண்டு வேனிடம் வர ஆரம்பித்தார்கள். எந்த நிறுவனத்துத் தாளாக இருந்தாலும் சரி. அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். கையில் விற்க ஒன்றும் இல்லாத ஆளிடம் வருவதில் அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்திருக்க வேண்டும். எனக்குப் பதற்றம். "லைசென்ஸ் இல்லாம ஆலோசனை சொல்லக்கூடாதுக்கா! நீங்க படிச்சதுதானே?"

"நான் எங்கம்மா ஆலோசனை சொல்றேன்? கேள்விதானே கேக்கறேன்."

நானும் யோசித்தேன். இப்படி ஆட்கள் தேடி வருகிற ஒருவரை வெளியே விட்டுவிட்டு நான் எங்கே போய் ஆள் தேடுகிறேன்? மறுபடியும் சேரச் சொல்லலாம் என்று ஒருநாள் மத்தியானம் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். கொளுத்தும் வெயில். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வேனுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நான் பேச்சை எடுக்கும் முன்பே ஒரு மோட்டார் வந்து நின்றது. மாலதி. வேலைக்குப் போகிற உடுப்பு, தலையில் ஹெல்மெட். அவள் கையில் ஒரு வண்ணத் தாள்.

கருமாதியன்று "போங்க" என்றதற்குப் பிறகு அவள் அக்காவிடம் பேசி நான் பார்த்ததில்லை. இறங்காமலே தாளை நீட்டினாள்.

"தொழிற்சாலைக்கு ஒரு ஏஜண்ட் வந்தாரு. எல்லாரும் எடுக்கறாங்க. பாத்து சொல்லுங்க."

அக்கா வாங்கினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். வரிவரியாகப் படித்தார். உள்ளே பிள்ளைகள் ஜன்னலைத் தட்டின. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அதே மாதிரித் திட்டம், இன்னும் கொஞ்சம் மேலானதாகவே, எங்களிடமும் இருக்கிறது. அக்காவின் பக்கத்தில் நின்று மெல்ல இருமினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நல்லதுதான்," என்றார். "நேர்மையாத்தான் எழுதியிருக்கான்." பிறகு தயங்கினார். அந்தக் கேள்வியைக் கேட்க வாயெடுத்துவிட்டு அவளிடம் கேட்கலாமா என்று நின்றது தெரிந்தது.

மாலதி அவருக்கு வேலை வைக்கவில்லை. "நடுவுல நிறுத்துனா போட்டது வராது. முதல் வருஷத்துல ஒன்னுமே இல்ல. எனக்குத் தைராய்டு இருக்கு, அதையும் நானே சொல்லி எழுத வச்சேன். அந்த ஆள ஒரு மணி நேரம் ஒக்கார வச்சிக் கேட்டுட்டேன். எனக்கு எல்லாம் வெளங்கிச்சு. ஒன்னு மட்டும் நீங்க சொல்லுங்க." ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினாள். "இன்னிக்குச் சைன் வச்சிப் பணத்தக் கட்டிட்டேன்னு வைங்க. நாளைக்கு இந்த மோட்டார்ல எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சு. புள்ளைங்களுக்குக் கிடைக்குமா, கிடைக்காதா?"

"விபத்துன்னா கிடைக்கும்," என்றார் அக்கா.

"நிச்சயமா?"

"நிச்சயமா. தாள்ல இருக்கு." தாளைத் திருப்பி அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். அவள் குனிந்து படித்தாள். அக்கா தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, விடாமல், தாளோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாலதி, இன்னிக்கே வச்சிரு. நாளைக்குன்னு விடாத. இப்பவே போன் போட்டு அந்த ஆள வரச் சொல்லு. நான் நிக்கிறேன், நீ போடு."

மாலதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே ஏஜண்டுக்குப் போன் செய்தாள். வேலை தொடங்கும் முன் தொழிற்சாலை வாசலுக்கு வருவதாக அவர் சொன்னார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேன் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள். "வர்றேன்க்கா," என்றாள். மோட்டார் புகையை விட்டுக்கொண்டு போனது.

அக்கா அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தை முந்தானையால் துடைத்தார், வெயிலுக்கா வேறெதற்கா தெரியாது. நான் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்தேன், எரிச்சலில் வார்த்தையே வரவில்லை. அத்தனை வருஷத்தில் அந்த மனுஷி ஒரே ஒருத்தியிடம்தான் "இன்னிக்கே வச்சிரு" என்று அவசரப்படுத்தினார். அதையும் வேறு கம்பெனிக்காகச் செய்தார்.